வளரக் கூடாத மீன்கள்

மெல்வா ஸ்டான்சில் 1956-ஆம் ஆண்டு நவம்பர் இருபதாம் நாள், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து வடகோடி மலைகளில், ஹிக்கரி ஓடை இறங்கிவரும் பள்ளத்தாக்கில் பிறந்தார். தந்தை மரமறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். மெல்வாவின் பள்ளிப்படிப்பு பதினொன்றாம் வகுப்போடு நின்றது. கோழி அறுக்கும் ஆலையில் ஒன்பது ஆண்டுகள், குடல் நீக்கும் வரிசையில் நின்றார். அதே பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஓலின் ஸ்டான்சிலை மணந்தார். ஒரே மகள் லோர்னா டெக்சஸில் வசிக்கிறாள். மெல்வாவின் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். வலது முழங்காலில் ஒருமுறை அறுவை சிகிச்சை நடந்தது. இடது காலுக்கும் அது தேவை என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

ஓலினின் பாட்டனார் விட்டுச்சென்ற நிலத்தில் ஓர் ஊற்று உண்டு. கோடையிலும் பனியிலும் அதன் குளிர் மாறாது. அந்த ஊற்றுநீர் ஆறு சிமெண்டுத் தொட்டிகளின் வழியாக ஓடி, கடைசியில் ஓடையில் கலந்தது. தொட்டி ஒவ்வொன்றும் எண்பதடி நீளம், ஆறடி அகலம். மூன்று தொட்டிகள் வீட்டை ஒட்டிச் சாலையோரம் இருந்தன. மற்ற மூன்றும் சரிவின் அடியில், அடர்ந்த புதர்களுக்குப் பின்னால் இருந்தன. அங்கே போக நாற்பத்து நான்கு படிகள் இறங்க வேண்டும்.

தொட்டிகளில் வளர்ந்தவை ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீன்கள். அவற்றை யாரும் சமைப்பதற்காக வாங்கவில்லை. நாற்பது மைல் தெற்கே, அணை கட்டித் தேக்கிய பெரிய ஏரி ஒன்று இருக்கிறது. அதில் வரிமீன்கள் வாழ்கின்றன. உடம்பில் கறுப்புக் கோடுகள் ஓடும், பதினைந்து இருபது கிலோ வரை கனக்கும் வேட்டைமீன்கள் அவை. அவற்றைப் பிடிக்க ஆசைப்பட்டு அட்லாண்டாவிலிருந்து வரும் கனவான்களைப் படகில் ஏற்றிச் செல்வோர் ஏரிக்கரையில் ஐம்பது பேருக்குக் குறையாமல் உண்டு. அந்தப் படகுக்காரர்கள் ட்ரவுட்டின் மூக்குத் துளையில் தூண்டில் முள்ளைக் கோத்து, இரையாக உயிரோடு நீரில் விடுவார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை, ஏரி குளிர்ந்து கிடக்கும் ஐந்து மாதங்களுக்கு மட்டுமே இது நடக்கும். ஏப்ரலில் நீர் சூடேறத் தொடங்கினால் ட்ரவுட் வாளியிலேயே வாய் பிளந்துவிடும்.

இரை மீனுக்கு அளவு உண்டு. ஐந்தங்குலத்துக்குக் குறைந்தால் வரிமீன் ஏறெடுத்துப் பார்க்காது. ஏழுக்கு மேல் போனால் படகுக்காரர் வாங்கமாட்டார். மெல்வா மே மாதம் வாங்கிவிடும் குஞ்சுகள் இரண்டங்குலம். வயிறார உண்ண விட்டால் அவை அக்டோபருக்குள்ளேயே, அதாவது இரைப்பருவம் தொடங்குவதற்கு முன்பே, பத்தங்குலத்தைத் தொட்டுவிடும். ஆகவே இந்தத் தொழிலின் முழுத் திறமையும் மீனை வளர்ப்பதில் இல்லை, வளரவிடாமல் பிடித்துவைப்பதில் இருந்தது. சாகவும் கூடாது, பெருத்துவிடவும் கூடாது. ஒரு பழைய காப்பித்தூள் டப்பாதான் அளவை. தொட்டிக்கு அரை டப்பா தீனி, ஒருநாள் விட்டு ஒருநாள். நீரின் குளிர், போட்ட தீனி, செத்த மீன்களின் எண்ணிக்கை ஆகியவற்றை அடுக்களைச் சுவரில் தொங்கிய அட்டையில் மெல்வா நாள்தோறும் எழுதினார். ஆண்டு முடிந்ததும் அட்டையைக் கழற்றி, நாடா கட்டி, அலமாரியில் வைத்தார்.

இது இப்படித் தொடங்கவில்லை. 1988-இல் தொட்டிகளைக் கட்டியவர் ஓலின். உணவகங்களுக்குப் பெரிய ட்ரவுட் விற்பது அவருடைய எண்ணம். கையால் தீனி அள்ளிப் போடுவார், மீன்கள் மேலே வந்து மொய்க்கும், பார்த்துக்கொண்டே நிற்பார். மூன்று ஆண்டுகளில் மீன்கள் கொழுத்தன, வாங்குவோர் வரவில்லை. பெரிய பண்ணைகள் பாதி விலைக்குக் கொடுத்தன. 1991 நவம்பரில் ஏரியிலிருந்து ஒரு படகுக்காரர் வழி விசாரித்து வந்தார். சின்ன மீன் இருக்கிறதா, உயிரோடு வேண்டும் என்று கேட்டார். ஓலின் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு மலைமேல் ஏறிப் போய்விட்டார். மெல்வா எண்ணூறு மீன்களை எண்ணிக் கொடுத்தார். மறுவாரம் அந்த ஆள் இன்னும் இருவரைக் கூட்டிவந்தார்.

அன்றிலிருந்து வேலை தானாகப் பிரிந்துகொண்டது. சுவர்ப்பூச்சு, வலை, குழாய், வண்டி ஆகியவை ஓலினுடையவை. மீனும் தீனியும் விற்பனையும் மெல்வாவுடையவை. அடுத்த இருபத்தேழு ஆண்டுகளில் ஓலின் ஒருமுறைகூட ஏரிப்பக்கம் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலய விருந்துகளில் மட்டும், தட்டு நிறையச் சோறும் கறியும் வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவரிடம் சொல்வார்:

"எங்க வீட்டு எஜமானி மீனுங்களுக்கு நோன்பு வச்சிருக்கா. நல்லவேளை, என் வயித்துக்கு இன்னும் டப்பா அளவு வரல."

எல்லாரும் சிரிப்பார்கள். மெல்வாவும் சிரிப்பார். அந்தச் சோறும் கறியும் எந்தப் பட்டினியிலிருந்து வந்தன என்று அவர் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை.

மற்றவர் கண்ணுக்கு மெல்வாவின் வேலை சுலபமாகத்தான் தெரிந்தது. மீனை ஏற்றும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே தீனியை முற்றிலும் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் வண்டித் தொட்டியின் நீரை அவையே அசுத்தப்படுத்தி, வழியிலேயே மூச்சுமுட்டிச் சாகும். நீரைக் குளிர்விக்கக் கடைப் பனிக்கட்டியைப் போடக் கூடாது. நகரத்துக் குழாய்நீரில் கலக்கும் மருந்து செவுளைப் பொசுக்கிவிடும். எனவே ஊற்றுநீரைப் பால் குடுவைகளில் நிரப்பி, வீட்டிலேயே உறைய வைத்து, வாரத்துக்கு அறுபது குடுவைகள் சுமக்க வேண்டும். மீன் பண்ணையில் வாங்கியதுதான், ஓடையில் பிடித்ததல்ல என்று ஏரிக் காவலரிடம் காட்டப் படகுக்காரர் ஒவ்வொருவருக்கும் சீட்டு எழுதித் தர வேண்டும். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் மெல்வா அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவார்.

அறுபதைத் தாண்டியதும் படிகள் அவரை எண்ண வைத்தன. இறங்கும்போது எண்ணுவார், ஏறும்போது இருபத்தாறில் நிற்பார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே ஓடும் நீரைப் பார்க்காமல், எதிரில் இருக்கும் மரப்பட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். குளிர்நீரில் ஊறிய விரல்கள் காலையில் மடங்க மறுத்தன. காப்பிக் கோப்பையை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தூக்கினார்.

2018 ஆகஸ்டில் ராண்டல் கேடிஸ் வந்தார். ஏரிக்கரையில் இரைக்கடை நடத்துபவர்; ஐம்பது வயது; மெல்வாவிடம் பதினேழு ஆண்டுகளாக மீன் எடுப்பவர். வாசலில் நின்றபடியே விஷயத்துக்கு வந்தார்.

"மெல்வாம்மா, நீங்க நொண்டுறத பாத்துக்கிட்டே எத்தனை வருஷம் மீன் வாங்கறது? எனக்கே வெக்கமா இருக்கு. மொத்தமா என்கிட்ட குடுத்துருங்க. நிலம், தண்ணி, வீடு, மீன், எல்லாம். என் ஆள ஒருத்தன இங்க குடிவைக்கிறேன்."

"மீனோடவா?"

"மீன்தானே முக்கியம்? ஜனவரி ரெண்டாவது சனிக்கிழமை வந்து எண்ணுவேன். அளவு மீன் முப்பதாயிரம் இருக்கணும். அஞ்சுல இருந்து ஏழு அங்குலம். இருந்தா அன்னிக்கே கையெழுத்து. பிப்ரவரி மாசம் ஏரி பூரா என்னை நம்பித்தான் நிக்கும், மீன் இல்லாம தண்ணிய மட்டும் வாங்கி நான் என்ன பண்றது?"

மெல்வா ஓலினைப் பார்த்தார். நிலம் ஓலினுடையது, அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது. ஓலின் தாழ்வாரத் தூணில் சாய்ந்து நின்று தலையை ஆட்டினார்.

"அவ சொன்னா சரி. மேல கீழ ஏறி எறங்குறது அவதானே."

அன்று மாலையே மெல்வா பதினோரு மைல் தள்ளியிருந்த சிற்றூரில் ஒரு வாடகை வீட்டைப் பார்த்துவந்தார். செங்கல் வீடு. இரண்டு அறைகள். வாசலிலிருந்து கொல்லைவரை ஒரே மட்டம். படி என்று ஒன்றுகூட இல்லை. நவம்பரில் அறுபத்திரண்டு முடிந்தால் அரசாங்க ஓய்வூதியம் வரத் தொடங்கும். வீட்டுக்காரியிடம் முன்பணம் கொடுத்து, பிப்ரவரியில் இருவரும் வந்துவிடுவோம் என்று சொன்னார். திரும்பும் வழியில் வண்டியை ஓரம் கட்டிச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. உடம்பு முழுவதும் கல்லாய்க் கனத்தது; இனிமேல் அது கனத்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

கேடிஸுக்கான முப்பதாயிரத்தையும் கீழ்த் தொட்டிகள் மூன்றில் ஒதுக்கினார். பருவத்தின் வழக்கமான விற்பனை மேல்தொட்டிகளிலிருந்து நடந்தது. மாதம் ஒருமுறை, திங்கட்கிழமை காலையில், நீர் நுழையும், தீனி போடும் தலைப்பகுதியில் வலை வீசி இருபது மீன் எடுத்து, பலகையில் கிடத்தி அளந்து, சராசரியை அட்டையில் எழுதினார். செப்டம்பரில் நாலேகால் அங்குலம். அக்டோபரில் ஐந்து. நவம்பரில் ஆறரை.

ஆறரை என்று எழுதியபின் பென்சிலை வைத்துவிட்டு மீண்டும் கீழே இறங்கினார். இன்னும் இருபது மீனை அளந்தார். ஆறரையேதான். இருபத்தேழு ஆண்டுகளில் அரை டப்பாத் தீனிக்கு மீன் இப்படி வளர்ந்ததில்லை. தீனி மூட்டையின் சீட்டைப் படித்தார், அதே தீனிதான். டப்பாவைத் தராசில் வைத்தார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு பழைய அட்டைகளை எடுத்துவந்து மேசை முழுவதும் பரப்பினார்.

"என்ன தேடுற?" என்று ஓலின் கேட்டார். சோள ரொட்டியை மோரில் பிட்டுப் போட்டுக் கரண்டியால் தின்றுகொண்டிருந்தார்.

"எங்கேயோ தப்பு பண்றேன். கை நடுங்கி அதிகமா போடுறேனோ என்னவோ."

"வயசாச்சு உனக்கு."

"நாளையிலேருந்து கால் டப்பா."

ஓலினின் கரண்டி நின்றது.

"கால் டப்பாவா? தொட்டி பூரா பத்தாயிரம் மீன் மெல்வா. ஆளுக்கு ஒரு பருக்கை வருமா?"

"ஜனவரிவரைக்கும்தான். அதுக்கப்புறம் கேடிஸ் பாடு."

அவர் மறுபடி குனிந்து தின்னத் தொடங்கினார். அந்தக் கரண்டி நின்றதை மெல்வா பார்த்தார். மனைவியின் கைநடுக்கத்தை நினைத்து வருந்துகிறார் என்று எடுத்துக்கொண்டார்.

டிசம்பர் அளவில் சராசரி சரியாக ஆறு. மெல்வா எண்ணின் கீழ் ஒரு கோடு போட்டார். அந்தச் சராசரி எப்படிக் கிடைத்தது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. இருபது மீன்களின் அளவுகளைக் கூட்டி இருபதால் வகுத்தார். தனித்தனி அளவுகளை எழுதிவைக்கவில்லை. அலமாரி நிறைய அட்டைகள் சேர்த்து வைத்தவருக்கு, அந்த மாதம் சுருக்கமாக எழுதினால் போதும் என்று தோன்றிவிட்டது. அவ்வளவு களைத்திருந்தார்.

2019 ஜனவரி பன்னிரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கேடிஸ் தன் தொட்டிவண்டியோடு வந்தார். அளவுப் பலகை, வெள்ளை வாளிகள், அடைத்த உறை ஒன்றில் பத்திரங்கள். மெல்வா முந்தின இரண்டு நாளும் தீனியை நிறுத்தியிருந்தார். மூவரும் படியிறங்கினார்கள். ஓலின் கையில் மூன்று காப்பிக் கோப்பைகள்.

கேடிஸ் நான்காம் தொட்டியின் மறுகோடிக்கு நடந்தார். நீர் வெளியேறும் முனை அது. மெல்வா அங்கே ஒருநாளும் தீனி போட்டதில்லை. கேடிஸின் நிழல் விழுந்ததும் அங்கே நீர் கொதித்தது. கனத்த முதுகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வாய் திறந்து, கரையை நோக்கித் தாவின.

"அடேங்கப்பா! என்ன மரியாதை!" என்றார் கேடிஸ். "என்னைப் பாத்து என் பொண்டாட்டிகூட இப்படி ஓடி வந்ததில்ல."

வலையை விட்டு வாரி, வாளியில் கொட்டினார். பலகையில் முதல் மீனைக் கிடத்தினார். ஒன்பதங்குலம். அடுத்தது ஒன்பதரை. அடுத்தது நான்கு, தலை மட்டும் பெருத்து, உடம்பு பென்சிலாய்ச் சிறுத்தது. அடுத்தது பத்து.

"மெல்வாம்மா, இது தூண்டில்ல கோக்குற மீனா, தட்டுல வைக்கிற மீனா? இதைக் கோத்து விட்டா வரிமீன் இதைத் தின்னாது, இது வரிமீனத் தின்னுட்டு கரைக்கு வந்து காசு கேக்கும்."

மெல்வா குனிந்தார். வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலையில் அகப்பட்ட அதிர்ச்சியில் மீன்கள் தின்றதைக் கக்குவது வழக்கம். பட்டினி கிடந்த மீனிடமிருந்து வெறும் நீர்தான் வரும். அந்த வெள்ளை வாளியின் அடியில் செம்பழுப்பாக, அரைத்த துணுக்குகள் படிந்துகொண்டிருந்தன. கேடிஸ் விரலால் கொஞ்சம் எடுத்து மோந்து பார்த்தார்.

"கோழி ஈரல்! இதென்ன, மீனுக்குக் கல்யாண விருந்தா? நேத்து போட்டது. இன்னும் சரியா செரிக்கக்கூட இல்ல."

ஒன்பது ஆண்டுகள் கோழியின் வயிற்றைத் திறந்தவருக்கு மோந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆலையில் ஓலினின் சிற்றப்பா மகன் ஹோமர் இன்னும் வேலை செய்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஹோமர் வீட்டுக்குச் சீட்டாடப் போவதாகச் சொல்லிவிட்டு, மூடிபோட்ட வாளியோடு ஓலின் திரும்பியதை மெல்வா கண்டிருந்தார். தூண்டிலுக்குப் புழு என்று நினைத்திருந்தார்.

அவர் தலைநிமிர்ந்து ஓலினைப் பார்த்தார். மூன்று கோப்பைகளும் ஓலின் கையில் அப்படியே இருந்தன. கேடிஸ் ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்வையை நகர்த்திவிட்டு, சட்டென்று குனிந்து வலையை அலசத் தொடங்கினார்.

இருந்தாலும் முழுவதும் அளந்தார்; தொழிலில் நேர்மையானவர். தொட்டிக்கு இருநூறு வீதம் அறுநூறு மீன். அளவுக்குள் அடங்கியவை நூற்றெழுபத்தெட்டு. முப்பதாயிரத்தில் ஒன்பதாயிரம் தேறும். வலுத்த மீன்கள் ஈரலைத் தின்று பெருத்துவிட்டன. மெலிந்த மீன்களுக்குக் கால் டப்பாவிலும் பங்கு கிடைக்கவில்லை. ஓலின் போட்டதும் மெல்வா குறைத்ததும் ஒரே நீரில் சேர்ந்து, நடுவில் இருக்க வேண்டியதை அழித்துவிட்டன.

படியேறும்போது கேடிஸ் மெல்வாவின் வேகத்துக்கே ஏறினார். இருபத்தாறாம் படியில் அவரும் நின்றார்.

"மனசுல வச்சுக்காதீங்க மெல்வாம்மா. எனக்கு பிப்ரவரிக்கு மீன் வேணும். வட கரோலினாக்காரன் ஒருத்தன் மீனோட பண்ணையையே தரேன்னு நிக்கிறான். அங்கயே பேசி முடிச்சிடறேன்."

"அடுத்த வருஷம்?"

"ஒருத்தன்கிட்ட தண்ணி வாங்கினப்புறம் இன்னொரு தண்ணி எதுக்கும்மா எனக்கு?"

"சரி தம்பி. அந்த ஒம்பதாயிரத்த வழக்கம்போல வாரத்துக்குக் கொஞ்சமா எடுத்துக்கோ. சீட்டு எழுதி வைக்கிறேன்."

வண்டி போனபின் மெல்வா அடுக்களை மேசையில் உட்கார்ந்தார். ஈரக் காலணியைக் கழற்றவில்லை. ஓலின் எதிரில் வந்து உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியை அவர் பக்கம் தள்ளினார்.

"எப்பலேருந்து?" என்றார் மெல்வா.

"செப்டம்பர் கடைசி."

"நேத்தும் போட்டியா?"

"போட்டேன்."

"இன்னிக்கு எண்ண வராங்கன்னு தெரிஞ்சுமா?"

"ரெண்டு நாளா பட்டினி. அப்படியே நிறுத்தி எண்ணறதா? பாவமா இருந்துச்சு."

மெல்வா சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஓலின். நிலம் உன்னுது. தலைய ஆட்டாம இருந்திருந்தா போதுமே."

"எப்படிச் சொல்றது? உன் கால பாத்துக்கிட்டே எப்படிச் சொல்றது? தாத்தா வெட்டின ஊத்து, நான் சாகறவரைக்கும் இங்கதான்னு சொல்ல வாயெடுத்தேன். அன்னிக்கு நீ அந்தச் செங்கல் வீட்ட பாத்துட்டு வந்து நின்ன. உன் முகத்த அப்படி நான் பாத்து ரொம்ப வருஷம் ஆச்சு. எனக்கு வாய் வரல."

"அதனால மீன சொல்ல வச்ச."

ஓலின் மேசைவிரிப்பின் ஓரத்தைச் சுருட்டினார், பிரித்தார்.

"என் மேல தப்புன்னு நெனச்சு, தராசு வச்சு டப்பாவ நிறுத்துக்கிட்டிருந்தேன். நீ எதிர்ல உக்காந்து சோள ரொட்டி தின்னுக்கிட்டிருந்த. வயசாச்சுன்ன."

"விளையாட்டுக்குச் சொன்னேன்."

"தெரியும்."

"கோவமா மெல்வா?"

"கோவப்படவும் தெம்பு வேணும்."

அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. உரத்த குரல் எதுவும் எழவில்லை என்று இருவருமே பின்னர் மகளிடம் தனித்தனியாகச் சொன்னார்கள்.

மெல்வா அந்தப் பருவத்தைப் பாதியில் விடவில்லை. படகுக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஜனவரி இறுதியும் பிப்ரவரி முழுவதும் இடுப்பளவு நீரில் நின்று, கம்பிப் பெட்டியால் சலித்து, முப்பதாயிரம் மீன்களையும் பிரித்தார். பெருத்தவற்றை ஆறாம் தொட்டியில் விட்டார். அளவு மீன்களை நான்காம் தொட்டியில் வைத்தார். தலை பெருத்த மெலிந்த மீன்களை ஐந்தாம் தொட்டியில் சேர்த்து, அவற்றுக்குத் தினமும் முழு டப்பாத் தீனி போட்டார். முதல் நாள் அந்த மீன்கள் தின்னவில்லை. தீனி அவற்றின் முகத்துக்கு முன்னால் மிதந்து, தொட்டியின் மறுகோடிவரை போய், ஓடையில் கலந்தது. நான்காம் நாள்தான் ஒன்றிரண்டு வாய் திறந்தன. மெல்வா கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தார். ஓலின் மறு கரையில் வலையோடு நின்றிருந்தார்; ஒன்றும் சொல்லாமல் இருக்கும் அளவுக்கு அறிவு அவருக்கு இருந்தது.

மார்ச் இறுதிக்குள் அவையும் ஐந்தங்குலத்தை எட்டின. முப்பதாம் நாள் கடைசி வண்டி ஏரிக்குப் போனது. ஏப்ரல் ஆறாம் நாள், சனிக்கிழமை, மெல்வா இரண்டு பெட்டிகள், ஒரு தையல் இயந்திரம், நாடா கட்டிய அட்டைகள் அனைத்தையும் வண்டியில் ஏற்றினார். ஆகஸ்டில் முன்பணம் கொடுத்த செங்கல் வீட்டுக்கு மாதாமாதம் வாடகை செலுத்தி வந்திருந்தார். ஓலின் பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தார்.

"எப்ப வருவ?"

"ஞாயித்துக்கிழமை. கோயில் முடிஞ்சு."

"ராத்திரி தங்குவியா?"

"இல்ல."

அன்றே லோர்னா டெக்சஸிலிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பாவ விட்டுட்டுப் போயிட்டியாமே? அறுவது வயசுக்கு மேல இதெல்லாம் என்ன கூத்து?"

"விட்டுட்டெல்லாம் போகல. பதினோரு மைல் தள்ளி இருக்கேன், அவ்வளவுதான்."

"மீனுக்கு ஈரல் போட்டதுக்கா?"

"இல்லடி. அவர் வரமாட்டார், நான் ஏறமாட்டேன். ரெண்டு பேருக்கும் நடுவுல இடம் இல்ல. போன வை, தூக்கம் வருது."

உண்மையாகவே தூக்கம் வந்தது. முதல் மூன்று வாரங்கள் மெல்வா பெரும்பாலும் தூங்கினார். ஜூனில் இடது முழங்காலுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஓலின் மருத்துவமனையில் மூன்று நாளும் நாற்காலியிலேயே கிடந்தார். நான்காம் நாள் மீனுக்குத் தீனி போட வேண்டுமென்று போய்விட்டார்.

அவர் இரை மீன் வளர்க்கவில்லை. இரண்டு தொட்டிகளில் மட்டும் ட்ரவுட்டுகளை மனம்போல வளர விட்டு, சனிக்கிழமைகளில் குடும்பத்தோடு வந்து தூண்டில் போடுவோரிடம் மீனுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டார். தீனிச் செலவுக்கு அது சரியாகப் போயிற்று. இரண்டாம் கோடையில் ஊற்று மெலிந்தபோது தொலைபேசியில் அழைத்தார்.

"மெல்வா, மீனெல்லாம் மேல வந்து வாய வாய தொறக்குது. பசியா?"

"மூச்சு முட்டுது. தீனிய நிறுத்து."

"மொத்தமாவா?"

"ஒரு வாரம் மொத்தமா நிறுத்து. பாதிய வித்துடு. தண்ணி பத்தாது."

மறுமுனையில் தீனி வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஓலின், இருக்கியா?"

"இருக்கேன். ஒரு வாரம்னா ஒரு வாரமேவா?"

"ஒரு வாரமே."

அவர் இரண்டு நாள்தான் நிறுத்தினார். நானூறு மீன்கள் செத்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை மெல்வா வந்தபோது அதைச் சொல்லாமல் மறைத்து, மேசையில் கோழிக்கறியும் பீன்ஸும் எடுத்துவைத்தார். வாசல்வரை வீசிய வாடையிலேயே மெல்வாவுக்குத் தெரிந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். உண்டார், பாத்திரம் கழுவிக் கொடுத்தார்.

"ஒரு தடவை கீழ வந்து பாரேன்," என்றார் ஓலின், ஒவ்வொரு ஞாயிறும் சொல்வதுபோல. "மிச்சம் இருக்கிறது ஒவ்வொண்ணும் என் முழங்கை நீளம்."

"சொன்னதே போதும். நம்பறேன்."

மணமுறிவு கேட்டு இருவரில் யாரும் விண்ணப்பிக்கவில்லை. நிலம் இன்னும் ஓலின் பெயரிலேயே உள்ளது. செங்கல் வீட்டின் வாடகையை மெல்வா தம் ஓய்வூதியத்திலிருந்து கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை உணவு, பனி பெய்து சாலை மூடிய ஒன்பது வாரங்கள் நீங்கலாக, ஒருமுறையும் தவறியதில்லை.

2025 ஜூன் கணக்கின்படி, மணமாகி நாற்பத்தெட்டு ஆண்டுகள். ஒரே கூரையின் கீழ், நாற்பத்தொன்று.